பிளேட்டுக்கு முழு மார்க், ஸ்பிரிங்குக்கு முட்டை: பழைய புல்லட்டுக்கு ஒரு கிளட்ச் கிட்

இந்தக் கிட்டைப் பற்றி மாட்டிய மறுநாளே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். நல்லவேளை, அன்றைக்குச் சோம்பலாக இருந்தது. மூன்று மாதம் கழித்து என் இடது மணிக்கட்டும் ஒரு கிளட்ச் கேபிளும் சேர்ந்து வேறு கதை சொல்லிவிட்டன. அந்தக் கதையையும் சேர்த்துத்தான் இந்த மதிப்புரை.

வண்டி, பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட் 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கிட் என்று நான் சொல்வது, ஒரே பெட்டியில் உராய்வு பிளேட்டுகள், இரும்புத் தட்டுகள், இரண்டையும் நெருக்கிப் பிடித்து இஞ்சின் பலத்தைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தவைக்கும் ஒரு செட் ஸ்பிரிங், சைடு கவருக்கு ஒரு ரப்பர் வளையம், விளக்கம் என்ற பெயரில் ஒரு தாள், எல்லாம் போட்டு விற்பது. மேலே பெரிய எழுத்தில் 'ஹெவி டியூட்டி' என்று இருக்கும். தயாரித்தவர் பெயரை எழுதப் போவதில்லை. பழைய வண்டிகளுக்குப் பிளேட் செய்பவர்களே குறைவு. அவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லி இழுப்பதில் எனக்கு விருப்பமில்லை. தவிர, ஸ்பிரிங் விஷயத்தில் நான் சொல்லப் போவது 'ஹெவி டியூட்டி' என்று அச்சடித்த வேறு பல பெட்டிகளுக்கும் பொருந்தும்.

என் தொழில் லேத். 30 வருஷம் வெர்னியர் என்ற அளவுகோலும் கையுமாக இருந்தவன் என்பதால் எதைக் கையில் எடுத்தாலும் அளந்து பார்க்கும் வியாதி உண்டு. அந்தத் தொழில் தந்த இன்னொரு பரிசு, இடது மணிக்கட்டில் ஒரு பழைய அடி. அதனால் கிளட்ச் லிவர் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

வழுக்கல் தொடங்கியது ஓர் ஏற்றத்தில். பின்னால் அக்கா மகன். நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை முறுக்கினேன். சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. "மாமா, கியர் விழுந்துடுச்சா?" என்று கேட்டான். விழவில்லை. முறுக்கைக் குறைத்ததும் வண்டி பழையபடி பிடித்துக்கொண்டது. அதுதான் கிளட்ச் ஸ்லிப்பின் கையெழுத்து. கியர் நழுவினால் 'டக்' என்று ஓர் அடி இருக்கும். கிளட்ச் வழுக்கினால் அடி இருக்காது; இஞ்சின் மட்டும் தனியாகப் பாடும், கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வரும்.

முதல் கியரில் நன்றாகப் பிடிக்கிற கிளட்ச் நாலாவதில் மட்டும் ஏன் வழுக்குகிறது என்று பலர் குழம்புகிறார்கள். சின்ன கியரில் முறுக்கியதும் வண்டி முன்னால் பாய்ந்துவிடுகிறது, இஞ்சின் முழு பலத்தோடு முட்டிக்கொண்டு நிற்கவேண்டிய நேரம் குறைவு. பெரிய கியரில், அதுவும் ஏற்றத்தில், சக்கரம் சீக்கிரம் இடம் கொடுக்காது; இஞ்சினின் முழு முறுக்கு விசையையும் கிளட்ச் விடாமல் தாங்கி நிற்கவேண்டும். புல்லட்டில் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 70 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 90 மி.மீ. குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கிற இஞ்சின். அதனால் பலவீனமான கிளட்ச் இந்த வண்டியில் நாலாவது கியரில்தான் முதலில் மாட்டும். சோதிக்க ஏற்றம்கூட வேண்டாம். ஆள் இல்லாத சமதளச் சாலையில், நாலாவது கியரில், 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பாருங்கள். சத்தமும் வேகமும் கைகோத்துக்கொண்டு ஏறினால் கிளட்ச் நலம். சத்தம் முந்திக்கொண்டால் வேலை இருக்கிறது.

ஆனால் உடனே கிட்டுக்கு ஓட வேண்டாம். நான் ஓடவில்லை, அதில் எனக்கு இன்றும் ஒரு சின்ன கர்வம் உண்டு.

முதலில் லிவரைப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் 2 அல்லது 3 மி.மீ. சும்மா ஆடவேண்டும், அதற்குப் பிறகுதான் கனம் வரவேண்டும். என்னுடையதில் ஆட்டமே இல்லை. தொட்டதும் கனம். அதாவது நான் லிவரைப் பிடிக்காதபோதும், லிவரைப் பாதி அழுத்தியதுபோல் கிளட்ச் பாதி பிரிந்த நிலையில்தான் இருந்திருக்கிறது. யார் இறுக்கினார்கள்? நான்தான். கியர் மாற்றும்போது கரகரத்தது என்று ஒரு மாதத்துக்கு முன் கேபிளை இறுக்கியிருந்தேன்.

இங்கே ஒரு விஷயம் தலைகீழாக நடக்கும், அனுபவசாலிகளே இதில் ஏமாந்துபோகிறார்கள். கேபிள் நீண்டால் லிவரில் ஆட்டம் கூடும், இது எல்லோருக்கும் தெரியும். பிளேட் தேய்ந்தால்? ஆட்டம் குறையும். பிளேட்டுகள் மெலிய மெலிய அடுக்கின் உயரம் இறங்குகிறது, அதன் மேல் உட்கார்ந்து ஸ்பிரிங் பலத்தால் அடுக்கை அழுத்தும் பிரஷர் பிளேட் உள்பக்கமாக நகர்கிறது. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நடுவே ஊடுருவி வந்து அதைத் தள்ளும் புஷ் ராட் அதே நீளத்தில்தான் இருக்கிறது. இடையில் இருந்த இடைவெளியைப் பிளேட்டின் தேய்மானமே தின்றுவிடுகிறது. கடைசியில் ராட் எப்போதும் முட்டிக்கொண்டே நிற்கும். இன்னொன்றும் உண்டு: ஓடி ஓடிச் சூடானதும் ராட் கொஞ்சம் நீளும். காலையில் கிளம்பும்போது நன்றாக இருந்து, அரை மணி ஓடிய பிறகு மட்டும் வழுக்குகிற வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

சரி, கேபிளை முழுக்கத் தளர்த்தி, ராட் அட்ஜஸ்டரில் இடைவெளி வைத்து, லாக் நட்டை இறுக்கி, அப்புறம் கேபிளில் ஆட்டத்தைச் சரிசெய்தேன். இந்த வரிசை முக்கியம். கேபிளில் மட்டும் திருகித் திருகிச் சமாளித்தால் ராட்டின் தவறு அப்படியே உள்ளே ஒளிந்திருக்கும். வண்டி இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் மறுபடி அதே ஏற்றம், அதே பாட்டு.

அடுத்தது எண்ணெய். இந்தப் புல்லட்டில், இஞ்சினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயினும் கிளட்சும் இருக்கும் பெட்டிக்குத் தனி எண்ணெய். இஞ்சின் எண்ணெயோடு சம்பந்தம் இல்லை. அந்த எண்ணெயை மாற்ற வேண்டுமென்றால் சைடு கவரையே கழற்ற வேண்டும். இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் ஒதுக்கிவிட்டு, கவரின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டைக் கழற்றினால் மொத்தமும் கையோடு வரும். கீழே தட்டு வைக்க மறந்தால் எண்ணெய் மொத்தமும் தரைக்கு. எனக்கு வந்த எண்ணெய் கறுப்பாக, கருகிய பால் வாடையோடு இருந்தது. போன முறை வேலை பார்த்தவர், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் எண்ணெயை உள்ளே விட்டிருந்தார். இஞ்சினுக்கு அது நல்லது செய்யலாம். ஆனால் கிளட்ச் பிழைப்பதே உராய்வில்! எண்ணெயில் நனைந்தபடி வேலை செய்யும் கிளட்சுகளுக்காகவே ஜப்பானியர்கள் 1998இல் ஜாஸோ டி903 என்று ஒரு தரம் கொண்டுவந்தார்கள். டப்பாவில் எம்ஏ என்று இருந்தால் கிளட்சுக்கு வேண்டிய உராய்வு அதில் உண்டு. எம்பி என்றால் உராய்வு குறைவு. அன்றிலிருந்து எம்ஏ இல்லாத டப்பா என் கொட்டகைக்குள் வருவதில்லை.

கவரைத் திறந்த கையோடு பிளேட்டுகளையும் வெளியே எடுத்துப் பார்த்தேன். இரும்புத் தட்டுகளில் நீலமும் பழுப்புமாகச் சூட்டுக் கறை. உராய்வு பிளேட்டுகளின் முகம் மெழுகு தேய்த்த மேசை மாதிரி பளபளத்தது. நகத்தால் கீறினால் நகம் வழுக்கியது. உப்புத்தாளைக் கண்ணாடி மேல் விரித்து, எட்டு போடுவதுபோல் பிளேட்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி மாட்டினேன். அந்தக் காலத்து வைத்தியம். ஒரு 200 கி.மீ. ஓடியது. மேல்தோலை உரித்தால் உள்ளே ஊறியிருக்கும் எண்ணெய் போய்விடுமா என்ன?

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கிட் வந்தது.

பெட்டியைப் பிரித்ததும் மனசு குளிர்ந்தது. பிளேட்டுகளுக்கு இடையில் எண்ணெய்த் தாள், இரும்புத் தட்டுகளில் துருப் பொட்டு ஒன்றுகூட இல்லை. வெர்னியரை எடுத்தேன். உராய்வு பிளேட் ஒவ்வொன்றையும் நாலு இடத்தில் அளந்தேன். ஒரே பிளேட்டுக்குள்ளும் சரி, பிளேட்டுக்குப் பிளேட்டும் சரி, வித்தியாசம் 0.05 மி.மீ.க்குள். இது உண்மையிலேயே நல்ல வேலை. பழையதோடு ஒப்பிட்டால் என் பிளேட்டுகள் ஒவ்வொன்றும் சுமார் 0.4 மி.மீ. மெலிந்திருந்தன. ஒன்றை மட்டும் பார்த்தால் அற்பம். எல்லாவற்றையும் அடுக்கினால் உயரத்தில் கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். அத்தனை தூரத்துக்கு ஸ்பிரிங்கும் தளர்ந்து நின்றிருக்கிறது. லிவரில் ஆட்டம் எங்கே போனது என்பதற்கும் அங்கேயே பதில் கிடைத்தது.

இரும்புத் தட்டுகளைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பார்த்தேன். 0.1 மி.மீ. இதழ் எதிலும் நுழையவில்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று விரல் வைத்தால் லேசாக ஆடியது. 0.15 இதழும் நுழைந்தது, 0.2 நுழையவில்லை. ஓட்டத்துக்குப் பாதகமில்லை என்று மாட்டிவிட்டேன். புத்தம் புதுப் பெட்டியில் அந்த ஒன்றும் நேராக இருந்திருக்கலாம்.

உராய்வு பிளேட்டின் வெளிக் காதுகளில் பிசிறு இருந்தது. அச்சில் வெட்டிய பக்கம் மட்டும், விரலில் உரசும் அளவுக்கு. மெல்லிய அரத்தால் ஒவ்வொரு காதையும் இரண்டு இழுப்பு. அதே அரத்தோடு, பிளேட்டுகள் உட்காரும் கூடான கிளட்ச் ஹவுசிங்கின் பள்ளங்களையும் பார்த்துவிடுங்கள். பல வருஷம் பிளேட் காதுகள் முட்டிய இடத்தில் சின்னச் சின்னக் குழி விழுந்திருக்கும். அந்தக் குழியில் காது சிக்கினால் பிளேட் தாராளமாக நகராது. பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாது, சேர வேண்டிய நேரத்தில் முழுக்கச் சேராது. எத்தனை நல்ல பிளேட் வாங்கினாலும் அது சறுக்கி ஓடும் பாதை கரடாக இருந்தால் காசு வீண். என்னுடையதில் குழி மேலோட்டமாக இருந்ததால் அரத்தோடு முடிந்தது. ஆழமாக இருந்தால் அரம் உதவாது, ஹவுசிங்கையே மாற்ற வேண்டும்.

அந்த விளக்கத் தாளைப் பற்றி என்ன சொல்ல! ஒரு படம், ஏழு வரி. பிளேட்டுகளை எண்ணெயில் ஊறவைக்க வேண்டுமா என்று இல்லை. லிவரில் எவ்வளவு ஆட்டம் வேண்டும் என்று இல்லை. எந்த எண்ணெய் என்றும் இல்லை. கடைசி வரி மட்டும் 'நன்றாக இறுக்கவும்'. இந்த ஒரு வரியால் எத்தனை புல்லட்டுகளின் சைடு கவர் வளைந்ததோ தெரியாது. ஒற்றை நட்டு கவர் அது. ஒழுகுகிறது என்று நட்டை இறுக்க இறுக்க நடு உள்ளே போகும், ஓரம் வெளியே தூக்கும், ஒழுகல் கூடும்.

நான் பிளேட்டுகளை, பெட்டியில் ஊற்றப் போகிற அதே எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். காய்ந்த பிளேட்டை அப்படியே மாட்டி முதல் நிமிடத்திலேயே உரசவிட்டால் முகம் தீய்ந்துவிடும். காலையில் எடுத்து, சொட்டுவதை மட்டும் வடியவிட்டு, ஒன்று இரும்பு, ஒன்று உராய்வு என்று அடுக்கினேன். இதுவரை எல்லாம் இனிமை.

ஸ்பிரிங் மாட்டியதும் தொல்லை ஆரம்பம். கவரை மூடும் முன் எப்போதும் ஒரு சோதனை செய்வேன். அக்கா மகனை லிவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துவேன். கிளட்ச் லிவரைப் பிடித்த நிலையில் கிக்கர், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டையும் பிரஷர் பிளேட்டையும் மட்டும் சுற்றும். இஞ்சின் சும்மா இருக்கும். பிரஷர் பிளேட்டின் விளிம்புக்கு எதிரே ஸ்க்ரூடிரைவர் நுனியை அசையாமல் பிடித்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள சந்து சுற்று முழுக்க ஒரே அளவாக இருக்க வேண்டும். என் சந்து ஒரு பக்கம் அகண்டது, எதிர்ப்பக்கம் நுனியைத் தொட்டது. பிளேட் கோணலாகத் தூக்குகிறது என்று அர்த்தம்.

"மாமா, போதுமா? கை வலிக்குது."

அவனுக்கு வயது 19, தினமும் உடற்பயிற்சி செய்கிறவன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஸ்பிரிங்குகளைக் கழற்றி வரிசையாக நிற்கவைத்தேன். ஒன்று மற்றவற்றைவிட 1 மி.மீ. குட்டை. கிட்டில் உபரி என்று ஒன்றும் கிடையாது. இடம் மாற்றி மாற்றிப் போட்டு, மூன்றாவது முயற்சியில் கோணல் ஏறக்குறையப் போனது. பிளேட்டில் 0.05 மி.மீ. துல்லியம் காட்டியவர்கள் ஸ்பிரிங்கில் 1 மி.மீ.யைக் கோட்டை விட்டிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்திருக்க முடியாது.

ரப்பர் வளையம் கட்டையாக இருந்தது. கவரின் பள்ளத்தில் உட்காராமல் ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழுந்தது. எப்படியோ அடக்கி மூடினேன். லெவல் பிளக்கைத் திறந்து, எண்ணெய் அதில் எட்டிப் பார்க்கிற வரை ஊற்றினேன். மறுநாள் காலையில் தரையில் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்கு ஒரு பொட்டு. வளையத்தை வேறு இடத்தில் தனியாக வாங்கிப் போட்ட பிறகுதான் நின்றது.

ஓட்டிப் பார்த்தால்? அபாரம். அதே ஏற்றம், அதே ஆள் பின்னால், நாலாவது கியர், முழு முறுக்கு. இஞ்சினும் சக்கரமும் வெல்டு வைத்ததுபோல் சேர்ந்தே இழுத்தன. முதல் 300 கி.மீ. ஏற்றத்தில் முரட்டுத்தனம் காட்டாமல் ஓட்டினேன், புதுப் பிளேட் முகம் படியட்டும் என்று. அன்றைக்குத்தான் ஐந்து நட்சத்திரம் கொடுக்க நினைத்தது.

நெரிசலில் ஓட்ட ஆரம்பித்ததும் கை பேச ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் நியூட்ரல் போடாமல் இருக்க முடியவில்லை. நாலு சிக்னல் தாண்டினால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கம்பி இழுப்பதுபோல். கேபிளுக்கு எண்ணெய் விட்டேன், வளைவுகளை நேராக்கினேன். கொஞ்சம் இலகுவானது, அவ்வளவுதான். மூன்றாவது மாதம் ஒரு நாள் லிவரைப் பிடித்ததும் 'கிரிச்' என்று ஒரு சின்னச் சத்தம். லிவர் பக்கக் குண்டுக்குக் கீழே கேபிளின் இழைகள் பாதி அறுந்து முள்முள்ளாக நின்றன. அந்தக் கேபிள் மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மறுபடி கவரைத் திறந்தேன். இந்த முறை ஸ்பிரிங்கை நியாயமாக விசாரிக்க முடிவு செய்தேன். தராசு எதுவும் வேண்டாம். நீளமான போல்ட் ஒன்றில் ஒரு கிட் ஸ்பிரிங், ஒரு வாஷர், ஒரு பழைய ஸ்பிரிங் என்று வரிசையாகக் கோத்து வைஸில் வைத்து நெருக்கினேன். இரண்டின் மேலும் ஒரே விசைதான் விழும். எது அதிகம் சுருங்குகிறதோ அது மெலிந்தது. பழையதன் சுற்றுகள் ஒன்றையொன்று தொடும் நிலைக்கு வந்தபோது கிட் ஸ்பிரிங் இன்னும் பாதிக்கு மேல் விறைப்பாக நின்றது. சரி, பழையது களைத்திருக்கலாம் அல்லவா? அதனால் வேறொருவர் தயாரித்த, அசல் அளவு என்று சொல்லி விற்கிற புது ஸ்பிரிங் ஒரு செட் வரவழைத்து, அதையும் பழையதையும் அதேபோல் கோத்து நெருக்கினேன். பழையது ஒரு மயிரிழை முன்னால் சுருங்கியது. அவ்வளவுதான். ஆக, இத்தனை வருஷம் உழைத்த என் ஸ்பிரிங்குகள் கிட்டத்தட்ட முழுப் பலத்தோடுதான் இருந்தன. வழுக்கலுக்கு ஸ்பிரிங் காரணமே இல்லை.

கணக்குப்படி பார்த்தாலும் அப்படித்தான். ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்பது நாலு எண்களின் பெருக்கல்: ஸ்பிரிங்குகளின் மொத்த அழுத்தம், உரசும் முகங்களின் உராய்வு, பிளேட்டின் சராசரி ஆரம், எத்தனை முகங்கள் உரசுகின்றன என்பது. ஆரமும் முகங்களும் வண்டியோடு பிறந்தவை. மீதி இரண்டில், என் வண்டியில் உராய்வு செத்துவிட்டது. அதைப் புதுப் பிளேட்டும் சரியான எண்ணெயும் திருப்பிக் கொடுத்துவிட்டன. அதற்கு மேல் அழுத்தத்தையும் ஏற்றினால் தாங்கும் திறன் கூடும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் வென்று பிரிக்க வேண்டியது என் இடது கை. இடையில் கேபிள், லிவர் முளை, புஷ் ராட் நுனி என்று எல்லோருக்கும் அந்தச் சுமையில் பங்கு உண்டு. ராட் நுனியைப் பார்த்தேன். மூன்று மாதத்தில் விளிம்பு லேசாக விரிய ஆரம்பித்திருந்தது. விட்டிருந்தால் காளான் தலை ஆகியிருக்கும். அரத்தால் விளிம்பை ஒடித்துவிட்டு மறுபடி போட்டேன்.

சைடுகார் இழுப்பவர்கள், இஞ்சினைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்கள் வேண்டுமானால் அந்தக் கனத்த ஸ்பிரிங்கைப் போடட்டும். அசல் நிலையில் ஓடுகிற 346 சிசி வண்டிக்கு அது தேவையே இல்லை. ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கும் பழைய தந்திரமும் இதே ஜாதிதான். வழுக்கலை மூடி மறைக்கும், காரணத்தைத் தொடாது.

அசல் அளவு ஸ்பிரிங்குகளோடு அதே கிட் பிளேட்டுகளை மறுபடி மாட்டினேன். மாட்டும் முன் பிளேட் முகத்தைப் பார்த்தேன்: பளபளப்பு இல்லை, மங்கலான ஒரே நிறம், நகம் பிடித்தது. இரும்புத் தட்டுகளில் நீலம் இல்லை. கொஞ்சம் ஆடியதாகச் சொன்ன அந்தத் தட்டிலும் ஒரு பக்கமாகத் தேய்ந்த அடையாளம் இல்லை. கிக்கர் சோதனையில் பிரஷர் பிளேட் முதல் முறையே நேராகச் சுற்றியது. லிவர் இரண்டு விரலுக்கு வந்தது.

அதற்குப் பிறகு 4,000 கி.மீ. ஆகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு முறை லிவர் ஆட்டத்தைச் சரிசெய்தேன், கால் திருகு. அந்த ஏற்றத்தில் வழுக்கவில்லை. ஓடிச் சூடான பிறகும் வழுக்கவில்லை. காலையில் முதல் கியர் போடும்போது வரும் 'டங்' மட்டும் அப்படியே இருக்கிறது. இரவு முழுக்க எண்ணெயில் ஒட்டிக்கொண்ட பிளேட்டுகள் பிரியும் சத்தம் அது. கிளப்பும் முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை கிக்கரை அழுத்தினால் அதுவும் குறையும். இதைக் கிட்டின் குறையாகப் பார்க்காதீர்கள்.

பிளேட்டுகளுக்கு முழு மார்க் கொடுக்கிறேன், அரத்தால் இழுத்த பிசிறுக்காக ஒரு கால் மார்க் வேண்டுமானால் கழித்துக்கொள்ளுங்கள். இரும்புத் தட்டுகள் பாஸ். ரப்பர் வளையமும் தாளும் ஃபெயில். ஸ்பிரிங்குக்கு முட்டை. உங்கள் பழைய ஸ்பிரிங்கை வைஸில் நெருக்கிப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

விற்பவருக்கு இதையெல்லாம் எழுதி, பிளேட்டை மட்டும் தனியாகக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். தனியாக இல்லை, கிட்டாகத்தான் வரும் என்று பதில். அடுத்த முறையும் வாங்கத்தான் போகிறேன். இந்த முறை மிஞ்சிய ஸ்பிரிங்குகளில் இரண்டை அக்கா மகன் கைப்பிடிப் பயிற்சிக்கு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.